பார்க்காமலே பாராட்டினேன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பாபநாசத்துக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் நடவு முடிந்த மறுநாளே சென்னைக்கு பஸ் ஏறினார். நாடகக் குழுவில் திரை இழுத்தார். இடம் போதாத அறையில் முறை வைத்துத் தூங்கினார். பிறகு சினிமாவில் பூசாரி, போலீஸ்காரர், பாதிரியார், குடிகாரர், நீதிபதி என்று எது கொடுத்தாலும் செய்தார். உப்பளத் தொழிலாளியாக நடிக்க, கோடியக்கரைப் பக்கம் பத்து நாள் தங்கி வெறுங்காலோடு உப்பு வாரினார். வெடித்த காலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே அம்மா கேட்டார்: “ஏம்பா, செருப்பு போட்டுக்கிட்டு நடிக்கக் கூடாதா?”

“போட்டா நடை மாறிடும்மா.”

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னார்குடியில் ஆசிரியராக இருந்த நான், சினிமா பிள்ளைகளைக் கெடுக்கும் என்று வகுப்பில் சொல்லிவந்தவன். அந்த வீம்பில் அண்ணனின் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவர் கேட்டால் மட்டும் பார்த்ததாகச் சொல்வேன். என் பணி ஓய்வு விருந்தில், அப்போது வந்திருந்த படத்தைப் பற்றிக் கேட்டார்.

“பாத்தியாடா?”

“பாத்தேண்ணே. நீங்க வர்ற கடைசி சீன்ல கண்கலங்கிட்டேன்.”

“அதுல என்னை மொத்தமா வெட்டிட்டாங்களேடா! நீ எந்தத் தியேட்டர்ல பாத்த, வாத்தியாரே?”

பந்தியே சிரித்தது. கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: “ஒண்ணாவது பாருடா.” அதற்குப் பிறகும் நான் பார்க்கவில்லை.

நுரையீரல் நோயோடு அவர் ஊர் திரும்பிய பிறகே எனக்குப் புத்தி வந்தது. தினமும் பிற்பகலில் அண்ணன் மகள் லேப்டாப்பில் படம் போடுவாள். கட்டிலில் அவரும் நாற்காலியில் நானுமாகப் பார்ப்போம். ஒரு படத்தில் வக்கீல் குமாஸ்தாவாக ஒருவர் வந்தார். அந்தக் கூன் முதுகையும் கள்ளச் சிரிப்பையும் ரசித்து, “யாருண்ணே இந்த ஆளு, பிரமாதமா பண்றான்! நீங்க எப்ப வருவீங்க?” என்றேன்.

“அது நான்தாண்டா!”

இருமல் வரும்வரை சிரித்தார். நான் அவருக்குத் தந்த முதல் உண்மையான பாராட்டு அது. சம்பா அறுவடை முடிந்த வாரம், காலைக் காபி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழவில்லை. மனக்குறையோடு போகவில்லை என்றே நம்புகிறேன்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், உடனிருந்து கவனித்த அண்ணன் மகளுக்கும், சென்னையிலிருந்து வந்து தோள் கொடுத்த திரையுலக நண்பர்களுக்கும், ஊராருக்கும் எங்கள் நன்றி. அண்ணனின் படத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்ன ஒவ்வொருவருக்கும் தனியே என் நன்றி. நான் சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை ஆண்டுகளாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.