வெறுங்கதிரைக்கு ஒரு கிழங்கு

போன செவ்வாய் காலை பாரிஸ் லா சப்பலில், நம்மவர் கடையில் நான் வாங்கியது இரண்டே சாமான். ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு போத்தல் மோர்.

"என்ன தங்கச்சி, சோறு அலுத்துப் போச்சோ?" என்று கடைக்கார அண்ணை சிரித்தார்.

"எனக்கில்லை அண்ணை, மதாமுக்கு."

மதாம் நோரா அயர்லாந்துக்காரர். தொண்ணூறு வயது, தனியாக எழும்ப முடியாது. நான்தான் சமைத்துக் கொடுக்கிறேன். இரண்டு வாரமாக அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. இனியும் சாப்பிடாவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று மகள் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சைக் கேட்டாலே மதாம் அழுவார்.

சூப், கஞ்சி, மீன்... எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். "சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டுப் பார்த்தேன். முகம் தெளிந்தது. கிராமத்தில் மூன்று வேளையும் கிழங்குதானாம். தோலோடு அவித்து, கூடையில் கொட்டி, சுற்றி இருப்பார்களாம். கோப்பையும் இல்லை, கரண்டியும் இல்லை. பெருவிரல் நகத்தால் உரித்து, உப்பில் தொட்டு, மேலே ஒரு வாய் மோர்.

இது நமக்குத் தெரியாத சாப்பாடா?

அவித்த கிழங்கை என்னுடைய ஓலைப்பெட்டியில் கொட்டி வைத்தேன். சற்று முன்தான் மதாமுக்கு நகம் ஒட்ட வெட்டியிருந்தேன். அதனால் நானே உரித்துக் கொடுத்தேன். நான்கு கிழங்கு சாப்பிட்டார்!

ஐந்தாவதைத் தோலோடு, எதிரே யாரும் உட்காராத வெறுங்கதிரைக்கு முன்னால் மேசையில் வைத்தார். "எங்கள் ஊர்ப் பஞ்சத்தில், பசியில் செத்தவர்களுக்கு."

ஓ, படையல்! படைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? வருகிறவர்கள் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். மதாமின் ஊரிலும் அப்படித்தானா என்று கேட்கக் கூச்சம். வருகிறவர்கள் மதாமின் ஆட்கள்தானே, அவர் உள்ளே இருக்கலாம் என்று நானே முடிவெடுத்தேன். சாத்திவிட்டு நடையில் நின்றேன்.

உள்ளே கதிரை இழுபடும் சத்தம்.

மதாமால் எழும்ப முடியாதே...

"கதவைத் திற!" மதாம் அலறினார்.

திறந்தேன். எதிர்க்கதிரை மேசையை விட்டுத் தள்ளி இருந்தது. கிழங்கு இல்லை. தோல் மட்டும் — நகத்தால் கிள்ளி உரித்த தோல். மதாமின் கைகள் மடியில் கிடந்தன. ஒட்ட வெட்டிய நகங்கள்.

"எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கதவைச் சாத்தவே மாட்டோம்," என்றார். "சாத்தினால், வந்தவர் எப்படித் திரும்பிப் போவார்?"

நான் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். யாரும் போனதாகத் தெரியவில்லை.

எல்லா ஊரிலும் கிழங்கு ஒரே மாதிரித்தான் அவிகிறது. செத்தவர்களை உபசரிக்கும் முறைதான் வேறு. கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

மதாம் இப்போது தினமும் சாப்பிடுகிறார். முதியோர் இல்லப் பேச்சும் நின்றுவிட்டது.

இந்தச் செவ்வாய் இரண்டு கிலோ கேட்டேன். அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"மதாம் வீட்டை ஆரும் வந்திருக்கினமோ?"

"ஓம் அண்ணை. இன்னும் போகேல்லை."