துப்பாக்கிக்குக் கண்ணாடி போட மறுத்த கரீம் பாய்

பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கரீம் பாயின் மகள் நஸீமா போனில் இருந்தாள். "அங்கிள், அத்தா மவுத்தாயிட்டாரு. காலைல தொழுதுட்டு உக்காந்தவரு, அப்படியே..." என்றாள். மீன்காரம்மா கத்தியும் கையுமாக, "இன்னா சார், வெட்டவா வாணாவா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பாய் வீடு இருக்கும் கச்சேரி ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஒரு வழக்கைப் பாதியில் விட்டுவிட்டு இப்படியா எழுந்து போவார் மனிதர்!

நம் ரைபிள் சங்கத்து நண்பர்களுக்கு எந்த வழக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. காது புளித்துப் போனவர்கள் அவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேட்டைத் துப்பாக்கியில் குறி பார்க்க இரண்டு வழி. ஒன்று, பழைய இரும்புக்குறி. குழலின் நுனியில் சிறு முனை ஒன்று நிற்கும், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும். பிளவுக்குள் முனையை நிறுத்தி, முனையின் மேல் இலக்கை வைக்க வேண்டும். மற்றொன்று, மேலே பொருத்தும் ஸ்கோப். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் குழாய். ஸ்கோப் வந்த பிறகு இரும்புக்குறி எதற்கு, அறுத்துப் போடு என்பது என் கட்சி. ஸ்கோப்பே இருந்தாலும் இரும்புக்குறி இருந்தே ஆக வேண்டும் என்பது பாயின் கட்சி. இந்த நாட்டில் வேட்டை நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிய எங்கள் சண்டை மட்டும் நிற்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாய் மயிலாப்பூரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். சாந்தோமில் எங்கள் சர்ச் பங்குக் குடும்பங்களில் பாதிப்பேருக்குக் கண்ணாடி போட்டது அவர்தான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, துப்பாக்கிக்கு மட்டும் மாட்ட மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்?

முதல் சந்திப்பே மோதல்தான். என் மாமனார் வழியாக வந்த ரைபிளின் இரும்புக்குறிகளை எடுத்துவிட்டு, புது ஸ்கோப் பொருத்தி, மாப்பிள்ளை மாதிரி சங்கத்தின் சுடும் மைதானத்துக்குக் கொண்டு போயிருந்தேன். யாரோ ஒரு தாடிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். குழலின் நுனியை விரலால் தடவினார். "இன்னா வாத்தியாரே, இங்க இருந்தத அறுத்துட்டியா? மூக்கில்லாத மூஞ்சி மாதிரி கீதே!" என்றார். நான் வாத்தியார் என்பது அவருக்குத் தெரியாது. சென்னையில் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "உங்க துப்பாக்கிக்குத்தான் கண்ணே இல்ல பாய்" என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு டீக்கடையில் அவர் வாங்கிக் கொடுத்த சமோசாவைத் தின்றுகொண்டே அவரோடு சண்டை போட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதுவே வழக்கமாகிவிட்டது.

பாயின் வாதங்கள் எல்லாம் கடையிலிருந்தே வரும். "கண்ணாடி வாங்க வர்றவன்கிட்ட நான் இன்னா சொல்வேன்? ரெண்டாவது ஜோடி ஒண்ணு வச்சிக்கப்பா, ஒண்ணு உடைஞ்சா தடவிக்கினு நிக்காதன்னு சொல்வேன். துப்பாக்கி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பார். அது உங்கள் வியாபாரத் தந்திரம் பாய் என்று நான் மடக்குவேன். பிளவு, முனை, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன, மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும், இது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்பேன். ஸ்கோப்பில் அந்தத் தொல்லையே இல்லை, எல்லாம் ஒரே தளத்தில் தெரியும் என்பேன். அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் மடங்க மாட்டார். "ஸ்கோப்பு காட்டறத மட்டும்தான் நீ பாப்ப. மீதி உலகம் எங்க போச்சு?" என்பார்.

தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சிறிய கூடத்தில் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது நினைவிருக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் இரும்புக்குறியில்தான் பயிற்சி தர வேண்டும் என்று பாய் தீர்மானம் கொண்டுவந்தார். நான் எழுந்து எதிர்த்தேன். அவர் பதில் சொன்னார். நான் பதிலுக்குப் பதில் சொன்னேன். தலைவர் ஒரு கல்யாண வரவேற்புக்கு மொய் வைக்கக் கிளம்பிப் போய்விட்டார். செயலாளர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். சமையல்காரர்கள் இலை போட ஆரம்பித்தும் நாங்கள் விடவில்லை. கடைசியில் பரிமாற வந்தவர், "சார், சாம்பார் ஆறிக்கினு கீது. உக்காந்து சாப்பிட்டுக்கினே அடிச்சிக்கோங்க" என்றார். தீர்மானம் என்ன ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பாய் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் இலையில் இருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். "தின்னு. தெம்பா பேசு" என்றார். அப்படி ஒரு மனிதர்!

மூன்று மழைக்காலத்துக்கு முன்பு ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாதாரணமாக வாசலிலேயே குரல் கொடுப்பவர், அன்று சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "வாத்தியாரே, எனக்கு ஒரு ஸ்கோப்பு வாங்கணும்" என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அடுப்படியிலிருந்து மனைவியை இழுத்துவந்து சாட்சிக்கு நிறுத்தினேன். அவர் என் ஆட்டத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் கண்ணு பாத்தவன், எங்கண்ண நானே பாத்துக்கினேன். முனை தெரியல. பனி மூட்டம் மாதிரி கீது. கண்ணாடி மாத்தியும் சரி வரல" என்றார். என் துள்ளல் அப்படியே அடங்கிவிட்டது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். இரும்புக்குறிகளைத் தொடக் கூடாது. வேண்டும்போது ஸ்கோப்பைக் கையாலேயே கழற்றிவிடுகிற மாதிரி பிடி வேண்டும். அப்படியே பொருத்திக் கொடுத்தோம்.

அவர் அப்போது ஸ்கோப் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் ஒரு சிற்றூர். அங்கே காட்டுப்பன்றிகள் பயிரை அழித்தால், உரிமம் உள்ளவர்களை அழைத்துச் சுட ஊராட்சிக்கு அனுமதி உண்டு. அந்தப் பட்டியலில் பாயின் பெயரும் இருந்தது. "பன்னிய திங்கத்தான் கூடாது. ஏழை பயிரைக் காப்பாத்தக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்று தன் உறவுக்காரர்களிடம் அவர் வாதாடியதை நானே கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு பழனிச்சாமி என்பவரின் மரவள்ளிக் கிழங்குக் காட்டுக்கு அழைப்பு வந்தது. பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு நானும் துணைக்குப் போனேன்.

மத்தியானத்திலிருந்து வரப்பில் காத்திருந்தோம். ஊரே எங்களுக்குப் பின்னால் நின்றது. பழனிச்சாமி கடன் வாங்கி நட்ட காடு அது. கால்வாசி ஏற்கெனவே போய்விட்டது. பொழுது சாய்கிற நேரம். தூரத்து ஓரத்தைப் பார்ப்பதற்காக பாய் ஸ்கோப்பை முழுப் பெருக்கத்துக்கும் திருகி வைத்திருந்தார். ஸ்கோப்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் அது. பன்றி அங்கே வரவில்லை. செடிகளுக்குள் மிகப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. கறுத்த முதுகு ஒன்று எழும்பித் தாழ்ந்தது. "சுடுங்க சார், சுடுங்க!" என்று பின்னாலிருந்து அடித்தொண்டையில் கத்தினார்கள்.

பாய் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "கறுப்பா மயிரு தெரியுது. வேற ஒண்ணும் தெரியல. தலை எது, வால் எது?" என்று முணுமுணுத்தார். அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெருக்கத்தில் பார்த்தால் கண்ணாடி முழுக்க மயிர்தான் தெரியும். அவர் பிடியைத் தளர்த்தி ஸ்கோப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரும்புக்குறியில் பார்த்தார். நான் பைனாகுலரில் பார்த்தேன். எனக்குப் பன்றியாகத்தான் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். "பன்னிதான் பாய், அடிங்க" என்றேன். அவர் துப்பாக்கியை இறக்கினார். தோட்டாவை வெளியே எடுத்தார். திரும்பி நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குத் தெரியல" என்றார்.

அதற்குள் அந்த முதுகு செடிகளுக்குள் மறைந்துவிட்டது. அப்புறம் பட்டது கொஞ்சமா? "குருட்டுக் கெழவனெக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்று ஒருவன் சொன்னான், நாலு பேர் சிரித்தார்கள். பழனிச்சாமி சிரிக்கவில்லை. "மெட்ராஸ்ல இருந்து வேடிக்கை பாக்கவா வந்தீங்க? எம் பொழப்பு போச்சுங்களே!" என்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். பாய் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது காரில் நான் வெடித்தேன். பைனாகுலரில் நான் பார்த்தேனே, என் பேச்சுக்கு மரியாதையே இல்லையா என்று கத்தினேன். பாய் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரிஞ்சுது வாத்தியாரே. சுடறது நான் ஆச்சே" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு எனக்கு நாக்கு அரித்தது. "சரி, இரும்புக்குறி ஜெயிச்சுதா, ஸ்கோப் ஜெயிச்சுதா? அதையாவது சொல்லுங்க" என்றேன். "ரெண்டும் தோத்துடுச்சு. அதுல மயிரு மட்டும் தெரிஞ்சுது, இதுல அதுகூட தெரியல. போய் மீட்டிங்குல சொல்லு, உனக்குச் சந்தோசமா இருக்கும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அவரே சொன்னார். குருட்டுக் கிழவன் என்று அவர்கள் சொன்னதைக்கூட விடாமல், நடித்துக் காட்டிச் சொன்னார். ஊராட்சிப் பட்டியலிலிருந்து தன் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டார். நம்மில் சிலர் அவர் முதுகுக்குப் பின்னால் பேசியதும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதற்காக அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தவறவிடவில்லை.

அடக்கத்துக்கு நம் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மையவாடியில் நின்றவர்களில் பாதிப்பேர் மூக்கில் இருந்தது பாய் போட்ட கண்ணாடி. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, யாருக்குச் சொல்லவில்லை என்று யோசித்தேன். என் போனில் பழனிச்சாமியின் எண் இன்னும் இருந்தது. திட்டினாலும் திட்டட்டும் என்று அழைத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் எப்போது, எப்படி என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு அது பன்னிதானுங்க சார்" என்றார். "விடியறதுக்குள்ள பாதிக் காட்டெத் தோண்டிப் போட்டுருச்சு. அதெ நான் மறக்க மாட்டனுங்க." அவரே தொடர்ந்தார். "அப்புறம் வேற ஆளுங்க வந்து சுட்டாங்க. இப்பவும் வர்றாங்க. எங்கம்மாளுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுங்க. பொழுது சாஞ்சா கறுப்புக் கம்பளியெப் போத்திட்டு காட்டுக்குள்ள குனிஞ்சு கெழங்கு பொறுக்கும். சொன்னாக் கேக்காது. துப்பாக்கிக்காரங்க வர்ற அன்னைக்கெல்லாம் அம்மாளெ உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் வருவனுங்க. கதவெத் தட்டித் தட்டி அழும்." பிறகு சொன்னார், "அந்தப் பெரியவரு மறுக்கா வந்திருந்தாருன்னா, நான் பூட்டிருக்க மாட்டனுங்க."

கச்சேரி ரோட்டு ஓரத்தில் போனைக் காதில் வைத்தபடியே நின்று அழுதேன். காலையில் வராத அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது.

பாய், வழக்கில் நான் இன்னும் தோற்கவில்லை. யார் கேட்டாலும் ஸ்கோப் போதும் என்றுதான் சொல்வேன். அத்தனை பேர் முன்னால் நின்று தெரியவில்லை என்று சொல்லும் நெஞ்சு எனக்கு வாய்க்கவில்லை, இனி வாய்க்கும் என்றும் தோன்றவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் படுத்து ஸ்கோப்பில் பார்த்தேன். இலக்கு துல்லியமாகத் தெரிந்தது. விரல் விசைக்குப் போகும் முன்பு தலையைத் தூக்கி, வெறும் கண்ணால் அந்தப் பக்கம் முழுவதையும் ஒரு தடவை பார்த்தேன். சுற்றிலும் மதில், எந்தத் தாயும் கிழங்கு பொறுக்க வர முடியாத இடம். இருந்தாலும் பார்த்த பிறகுதான் சுட்டேன். இனிமேலும் அப்படித்தான்.