ஆத்தா முகத்தில் உட்கார்ந்த பெட்டி

உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்ததும் முதலில் யார் முகம் தெரிகிறது? அந்த முகத்தின் மேல் எத்தனை ஐகான்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்று ஒருநாளாவது பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. கணினித்துறையில் டிப்ளோமா வாங்கி, தெமியாங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சிரம்பானில் ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்க்கிறவள் நான். என் திரையில் ஒரு பூனை. அதன் மூக்கின்மேல் குப்பைத்தொட்டி ஐகான். பூனை ஒன்றும் சொன்னதில்லை.

எங்கள் அம்மா சொல்வார்.

வீடு ரெம்பாவுக்கு உள்ளே, ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். விடியும் முன் போனால் மதியம்தான் திரும்புவார். தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதுப்பிக்கிறார்கள் என்று கருவறையை மூடிவிட்டார்கள். கும்பாபிஷேகம் வரைக்கும் ஆத்தா வெளியே ஒரு கொட்டகையில், கும்பத்தில் இருப்பாள். அம்மாவுக்கு அது பத்தவில்லை.

“கும்பத்துக்குக் கண்ணு இருக்கா?” என்றார்.

கதவு சாத்தும் முன் பூசாரி அனுமதித்ததால் ஆத்தாவைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தேன். மஞ்சள் காப்பு, வெள்ளிக் கண்மலர், எலுமிச்சை மாலை. அதை வீட்டுக் கணினியின் திரை முழுக்கப் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதன்முன் நின்று, கும்பாபிஷேகம் முடிகிற வரைக்கும் தினமும் ஆத்தா முகத்தைப் பார்க்காமல் பல்லில் தண்ணீர் படாது என்று நேர்ந்துகொண்டார்.

இதில்தான் வில்லங்கம். அம்மாவுக்கு இனிப்பு நீர். காலையில் ஊசி போட்டுக்கொண்டால் சீக்கிரம் பசியாறியாக வேண்டும். இல்லாவிட்டால் மயக்கம் வரும் என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். முகம் பார்த்த பிறகு ஊசி போடலாமே என்றேன். ரத்தம் பார்த்த கையோடு ஆத்தா முன் நிற்கக் கூடாதாம். ஆகவே முதலில் ஊசி, அப்புறம் குளியல், அப்புறம் முகம், கடைசியில் பசியாறல்.

“விரதம்னா ஊசி மட்டும் ஆகுமா?”

“ஊசி வாயில படலியே.”

வாதாடிப் பயனில்லை. முகத்தின்மேல் ஐகான் எதுவும் படக் கூடாது, அவ்வளவுதானே என்று திரையை அலங்கரிக்கும் மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். எல்லா ஐகான்களையும் அள்ளி ஒரு பெட்டிக்குள் போட்டு, பெட்டியை வலது கீழ் மூலைக்குத் தள்ளிவிட்டேன். அப்பாவின் பழைய பாட்டும் அதற்குள்ளேயே இருந்தது. படு அழகாக வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிரம்பானுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பினேன்.

சில நாள் கழித்து அம்மா போன் செய்தார்.

“ஆத்தா முகத்த மூடிக்கிச்சுடி.”

பெட்டி திரையின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. சரியாக முகத்தின்மேல்.

“ஒண்ணும் இல்லம்மா, எலிய புடிச்சு பெட்டிய இழுத்து கீழ விடு.”

“அந்த அம்பு மாதிரி இருக்கே, அத ஆத்தா கண்ணுல கொண்டு போயி குத்தச் சொல்றியா?”

“அப்ப போன்ல பாரு, படம் அனுப்புறேன்.”

“போன கக்கூசுக்கும் கொண்டு போறோம். அதுலயா சாமி பாக்கறது?”

அன்று அப்பா வந்து இழுத்துவிடும்வரை அம்மா பசியாறவில்லை. வார இறுதியில் வந்து நோண்டிப் பார்த்தேன். நான் இருந்த இரண்டு நாளும் பெட்டி சமர்த்தாக மூலையிலேயே கிடந்தது. போன பிறகு மறுபடி நடுவில். தினமும் அப்படியென்றாலும் பரவாயில்லை. ஒருநாள் ஒழுங்கு, ஒருநாள் கோளாறு. மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். பயனில்லை.

“நான் இல்லாதப்ப என்னம்மா செய்றீங்க?”

“ஒண்ணும் செய்யல. எனக்குத் தெரியும்டி ஏன்னு. நேத்து உங்கப்பாவ ஏசிட்டேன். அதான் ஆத்தா முகம் காட்டல.”

ஒவ்வொரு கோளாறுக்கும் அம்மா தன்னிடமே ஒரு குற்றத்தைத் தேடிப் பிடித்து, அடுத்த நாள் அதைத் திருத்திக்கொண்டிருந்தார். ஏசுவதை விட்டார். பக்கத்து வீட்டோடு இருந்த கோழிச் சண்டையை முடித்துக்கொண்டார். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மெதுவா சரி பண்ணு லா. வீடு இப்பதான் அமைதியா இருக்கு,” என்றார்.

அப்பாவுக்கு அந்த அமைதி நிலைக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை பக்கத்து வீட்டு அத்தை அலுவலகத்துக்கே போன் செய்தார். அம்மா கணினி முன்னால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருந்தாராம், பேச்சு குழறியதாம், சீனித் தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாராம்.

“நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ‘அண்ணி, ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், பாவம் என்னோடது, நீ குடி’ன்னு மூக்கப் புடிச்சு ஊத்திட்டேன். நீ வா.”

வந்தேன். அம்மா தெளிந்திருந்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மயங்கியதற்காக இல்லை, நேர்த்திக்கடன் உடைந்ததே என்று. பெட்டியை நகர்த்திக் கொடுத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். இதைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

மதியம் அப்பா வந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே அப்படியே பாயில் சாய்ந்துவிட்டார். நான் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வானம் செம்பனை மரங்களுக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று நின்றது. பிறகு ஒரு மின்னல். தோட்டம் முழுக்க, ஒவ்வொரு மட்டையும் தனித்தனியாக, நீல வெள்ளையில் ஒரு கணம் நின்றது. பிறந்ததிலிருந்து பார்க்கும் மின்னல்தான், ஆனாலும் வாய் பிளந்து பார்த்தேன். இடி வந்து தகரக் கூரையை உலுக்கியது.

லயத்துக் கோடியிலிருந்து ஒரு குரல், “பிளக்க புடுங்குங்க.” வீடு வீடாக டப், டப், டப் என்று பிளக் பிடுங்கும் சத்தம் பலகைச் சுவர் வழியாக எங்களை நோக்கி ஓடி வந்தது. எங்கள் வீட்டில் அது டப் என்று கேட்டபோது, பிளக் என் கையில் இருந்தது.

திரை கறுத்தது. பாட்டு நின்றது. அப்பா பாயில் புரண்டு படுத்தார். நான் பிளக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

முறையாக மூடினால்தான் அந்த மென்பொருள் பெட்டியின் இடத்தைக் குறித்துவைக்கும். திடீரென்று உயிர் போனால், தன் குறிப்பு கெட்டுவிட்டது என்று அதைத் தூக்கியெறிந்துவிட்டு, முதல் நாள் போலப் பெட்டியை நடுவில் வைக்கும். இடி இடித்த மறுநாள் முகம் மறைந்தது. இடிக்காத மறுநாள் தெரிந்தது. நான் வந்த வார இறுதிகளில் மழையே இல்லை. அம்மா பொய் சொல்லவில்லை. இடி இடித்தால் பிளக் பிடுங்குவதை இந்தத் தோட்டத்தில் எவரும் ‘ஒன்று செய்தேன்’ என்று சொல்ல மாட்டார்கள். மூச்சு விட்டேன் என்று யார் சொல்வார்? நானே சொன்னதில்லையே.

மழை விட்டதும் வேலையை முடித்தேன். சரியான குறிப்பை நகலெடுத்து ஒளித்துவைத்து, கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் முதலில் அதைப் பழைய இடத்தில் வைக்கும்படி செய்தேன். அம்மாவிடம் விளக்கினேன்.

“அப்ப நான் ஏசினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியா?”

“இல்லம்மா.”

“யோசிச்சுச் சொல்லு.”

“இல்லவே இல்ல.”

அம்மா திரும்பி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா லோரிச் சாவியைத் தேடுவதுபோல வெளியே போனார்.

சோதித்துப் பார்க்க, இரவு கணினியை மூடாமலே பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். மறுநாள் விடியலில் அம்மா ஊசி போட்டு, குளித்து, ஈரத் தலையோடு வந்தார். நான் சீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். பிளக்கைச் செருகி விசையை அழுத்தினார். கறுப்பு. ஒரு வட்டம் சுற்றியது. பெட்டி வருமா, எங்கே வரும் என்று திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ கணினிகளைத் திறந்திருக்கிறேன்; ஒரு திரை விழிப்பதற்கு இப்படிப் பயந்ததில்லை.

இருட்டுக் கூடத்தில் மஞ்சள் ஒளி பரவியது. முதலில் நெற்றி. பிறகு வெள்ளிக் கண்கள். படம் எடுத்தவள் நான். அந்தக் கண்களை அதுவரை நான் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. முகம் முழுசாக, சுத்தமாக, எங்கள் இருவர் மேலும் வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றது. பெட்டி மூலையில் கிடந்தது. அம்மா கும்பிடக் கை தூக்கவில்லை. வெறுமனே பார்த்தார். அவர் கன்னம் மஞ்சளாக இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, நான் எழுதிய நாலு வரிக் கட்டளைதான் இது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன், குறையவில்லை.

பிறகு அம்மா அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லை வைத்தார்.

கும்பாபிஷேகத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. இன்று ஞாயிறு. நேற்று மாலை நல்ல இடி. இதை நான் தட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரம் அம்மா உள்ளே பசியாறிக்கொண்டே அப்பாவை ஏசிக்கொண்டிருக்கிறார்.