எர்த் இல்லாத வீட்டில் அக்காவின் கம்ப்யூட்டர்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையைக் 'கெல்லர்' என்பார்கள். மற்றவர்கள் அங்கே சைக்கிள் வைத்திருக்கிறார்கள். நான் பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருக்கிறேன். வேண்டாமென்று தெருவோரம் வைத்துவிட்டுப் போகும் பெட்டிகளைத் தூக்கி வந்து, துடைத்து, திரும்ப ஓட வைப்பது என் விடுமுறை நாள் வேலை. ஒருமுறை மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு அம்மாள் என் கையிலிருந்ததைக் காட்டி, "கிஃப்ட்!" என்றார். நான் பூரித்துப்போய், "யா, யா, கிஃப்ட்!" என்றேன். அவர் முகம் வெளிறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். உள்ளே பேட்டரி கசிந்திருந்த பச்சைக் கறையைத்தான் காட்டியிருக்கிறார். அவர் பயத்தை நினைத்து வெகுநாள் சிரித்திருக்கிறேன். போன விடுமுறைக்குச் சொந்த ஊரான செஞ்சிக்குப் போய் வந்த பிறகு சிரிப்பு வருவதில்லை.

கலா அக்கா கல்யாணத்துக்கு முன் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். நைனா அப்போது அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். சென்டரை மூடியபோது, அவள் உட்கார்ந்த மெஷினை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். சிங்கவரத்தில் மாமியார் வீட்டில் வைக்க இடமில்லாமல் எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டுப் போனாள். அந்தக் கீபோர்டில்தான் என் விரலைப் பிடித்து வைத்து எழுத்து காட்டினாள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அதைக் கீழே இறக்கினேன். அக்காவும் வந்திருந்தாள். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. கூட்டை வழித்து எடுத்தேன். முன்பக்க சுவிட்சுக்குப் போகும் ஒயரின் தோலை எலி கடித்து, உள்ளிருந்த கம்பி இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஜெர்மனியில் இப்படி நடந்தால் எர்த் வழியாகக் கரெண்ட் இறங்கி, கண் இமைப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். எங்கள் செஞ்சி வீட்டு பிளக் பாயிண்டில் எர்த்துக்கான மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான். அதன் பின்னால் ஒயரே கிடையாது. அந்த வீட்டிலேயே வளர்ந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது.

சுவரில் சுவிட்சைப் போட்டுவிட்டு மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

"இருடி, நான் ஆன் பண்றேன். எம்மெஷினு இல்ல?" என்று அக்கா ஈரத் தரையில் வெறுங்காலோடு குந்தி, இரும்புப் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

அவள் அலறவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. கண்கள் என்னையே பார்த்தன. "ஹில்ஃபே! ஹில்ஃபே!" என்று கத்தினேன். உதவிக்குக் கூப்பிடக்கூட எனக்கு ஜெர்மன்தான் வந்தது. வாசலிலிருந்து ஓடிவந்த நைனாவுக்கு அது விளங்கவில்லை. நான் அக்காவின் தோளைப் பிடிக்கப் போவது மட்டும் தெரிந்தது.

"தொடாத! நீயும் பூடுவ! சுச்ச அமுத்து!"

சுவிட்ச் அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சுவரோரம் கிடந்த கட்டிலின் மேல் விழுந்து எட்டி அடித்தேன். அக்கா துணிமூட்டை போலச் சரிந்தாள்.

ஆட்டோவில் நைனா அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "கலா, இன்னாம்மா, பேசும்மா" என்று கெஞ்சியபடி வந்தார். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஷாக் அடித்தவர்களுக்கு நெஞ்சுத் துடிப்பு பிறகுகூடத் தப்பலாம், சாயங்காலம் வரை பார்க்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கோட்டைக்கு வந்தவர்கள் மலைமேல் புள்ளி புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்கார மாமா சிங்கவரத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். என்னைத் தாண்டி நேராக உள்ளே போனார். திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் எழுந்து எழுந்து நின்றேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் கூப்பிட்டார்கள். அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். உள்ளங்கையில் கட்டு. என்னைப் பார்த்ததும், "ஆன் ஆச்சாடி?" என்றாள். நைனா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மெஷினைச் சாக்கில் திணித்தார். "ஏரில போட்டுட்டு வரேன்."

"போட்டா நான் இந்த வூட்டுக்கு வரமாட்டேன் நைனா. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

நைனா சாக்கைக் கீழே வைத்தார். போய் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, வீட்டுக்கு முதன்முதலாக எர்த் போட்டார்கள். நான் ஒயரை மாற்றினேன். டெஸ்டரை வைத்து வைத்துப் பார்த்தேன். அப்படியும் அக்கா ரப்பர் செருப்போடு போய் சுவிட்சை அமுத்தியபோது, என்னால் வாசற்படி தாண்ட முடியவில்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். "வந்துடுச்சுடி! வந்து பாரு!" என்று அவள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கறுப்புத் திரையில், சென்டரில் அவள் வைத்திருந்தபடியே, அவள் பெயர் இருந்தது.

மெஷினை இங்கே ஜெர்மனிக்குக் கொண்டுவரத்தான் போயிருந்தேன். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எங்கள் வீட்டுக்குப் போய், போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மெஷினைத் திறந்து காட்டுகிறாள். போன வாரம் அவள் பேசிக்கொண்டே அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். நான் சட்டென்று எழுந்து, இந்த வீட்டுச் சுவரில் சுவிட்சைத் தேடி அடித்தேன். இங்கே விளக்கு அணைந்தது. இருட்டில் நின்றபடி, செஞ்சியில் வெளிச்சத்தில் அக்கா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.