ஹட் பே பள்ளிக்குப் போன பழைய கம்ப்யூட்டர்கள்

போன டிசம்பரில் எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் ஸ்டோர் கிளார்க். பழையவை பன்னிரண்டு இருந்தன. கொஞ்சம் மெதுவாக ஓடும், மற்றபடி நல்ல கம்ப்யூட்டர்கள். உதவாது என்று கண்டம் பண்ணி ஏலத்தில் விடாமல், வேறொரு தீவில், ஹட் பேயில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று அதிகாரியிடம் யோசனை சொன்னதே நான்தான். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பெருமைப்பட எதுவும் மிச்சமில்லை.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கைவிட மனசு வராது. தரையில் ஒரு ஸ்க்ரூ கிடந்தாலும் எடுத்து டப்பாவில் போட்டு வைப்பேன். லம்பா லைனில் இருக்கும் எங்கள் வீட்டுப் பரணுக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் கபாடிக்கடை, அதாவது பழைய சாமான் கடை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டையும் நானே துடைத்து, பழைய ஃபைல்களை அழித்து, பட்டியல்படி அட்டைப்பெட்டியில் கட்டிக் கப்பலேற்றினேன்.

பொங்கல் கழிந்த வாரம் அந்தப் பள்ளியின் டீச்சரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு நன்றிக் கடிதமும் ஒரு போட்டோவும் வந்தன. ஒவ்வொரு மானிட்டர் மேலும் சாமந்திப் பூ. முன்னால் பிள்ளைகள் கீபோர்டில் விரல் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுவது மாதிரி முகத்தை வைத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேண்டீன்காரர் வரைக்கும் காட்டினேன். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டச் சொன்னார் அதிகாரி.

ஒரு மாதம் இழுத்தடித்து ஒருவழியாகப் பிரிண்ட் போட்டு, மனைவியிடம் காட்ட வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"ஏங்க, பிள்ளைங்க இவ்ளோ மும்முரமா அடிக்குதுங்க, ஒரு ஸ்கிரீன்லகூட வெளிச்சத்தைக் காணோமே?"

"கரண்ட் போயிருக்கும்."

"மேல டியூப் லைட் எரியுதே?"

அப்போதுதான் எனக்கு வயர் ஞாபகம் வந்தது. வயர்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். சி.பி.யு., மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று பட்டியலில் இருந்தது. வயர் என்று எதுவும் இல்லை. மெயின்லேண்டிலிருந்து ஒரு வயர் வர எத்தனை நாளாகும் என்பதும் தெரியும். அதனால் கரண்ட் வயர், மானிட்டர் வயர் எல்லாவற்றையும் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஸ்டோர் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதற்கு என்ன செய்வார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

காலையில் டீச்சருக்கு போன் போட்டேன். அவர் பெங்காலி. "நஹீ நஹீ சார், சப் டீக் ஹை", எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் இந்தியில் சொன்னார். நான் விடாமல் கேட்டதும் மெல்ல விஷயம் வெளியே வந்தது. வீட்டிலிருந்து ரைஸ் குக்கர் வயரைத் தினமும் கொண்டுவந்து ஒரு சி.பி.யு.வில் செருகுவாராம். உள்ளே ஃபேன் சுற்றும். அந்தக் காற்றில் கை வைத்துப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்களாம். மானிட்டருக்கு வயர் இல்லாததால் படம் மட்டும் வராது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இந்தப் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்று வந்ததாம்.

எங்களிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"டர் லக் ரஹா தா, சார்" என்றார். குறை சொன்னால் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவோமோ என்று பயந்திருக்கிறார். அதனால் விரலாவது பழகட்டும் என்று, உயிரில்லாத கீபோர்டில் இரண்டு மாதமாகப் பாடம் நடத்தியிருக்கிறார். போனை வைத்ததும் நேராக ஸ்டோருக்குப் போய், பீரோவைத் திறந்து வயர்களை வெளியே எடுத்தேன்.

வயரைப் பார்சலில் அனுப்பலாம் என்றார் அதிகாரி. நான் லீவு போட்டு நானே கொண்டு போனேன். அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்தது. பள்ளியில் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, கையெல்லாம் சிவக்கிற மாதிரி தட்டினார்கள். தப்பு என்னுடையதுதான், வயரை நான்தான் வைத்துக்கொண்டேன் என்று இந்தியில் சொன்னேன். அதற்கும் தட்டினார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒவ்வொன்றாகச் செருகினேன். மூன்று கிளம்பவே இல்லை. ஒன்பது கிளம்பின. முதல் திரை எரிந்ததும் அதன் முன்னால் இருந்த சிறுமியிடம் பெயரை அடிக்கச் சொன்னார் டீச்சர். எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக நான் குனிந்தேன். அதற்குள் அவள் அடித்துவிட்டாள். கீழே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் எதுவுமே தெரியாத திரையைப் பார்த்து அடித்துப் பழகிய பிள்ளை, தன் பெயர் அதில் வந்து நிற்பதை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்கிள், பந்த் கர்னே ஸே மிட் ஜாயேகா?" என்று கேட்டாள். அணைத்தால் அழிந்துவிடுமா என்று கவலை அவளுக்கு. அழியாமல் சேமித்து வைப்பது எப்படி என்று காட்டினேன். அங்கே நான் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

இப்போதெல்லாம் யாராவது எனக்கு நன்றி சொன்னால் உடனே பூரித்துப் போவதில்லை. என்ன குறை இருந்தாலும் பயப்படாமல் சொல்லுங்கள், கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.