சிறுகுடலில் இருந்த பட்டாணி

கெலாங் பாத்தாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் என் அளவுக்குச் சீருடை கிடைப்பது நின்றுபோனது. இனிப்பு நீர் நோய் வேறு. இன்சுலின் ஊசி போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன்.

துணைக்கு அக்கா காஹாங்கிலிருந்து வந்தாள். அவளுக்கு இதில் உடன்பாடில்லை.

“வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கப் போறியா?” என்றாள். பிறகு என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் கட்டிலருகே நின்றார்.

“ஆப்ரேஷன் நல்லா முடிஞ்சிச்சும்மா. ஆனா குடல்ல பட்டாணி சைஸ்ல ஒரு கட்டி இருந்திச்சு. அந்தத் துண்டை வெட்டி லேப்புக்கு அனுப்பிட்டோம்.”

“என்ன கட்டி டாக்டர்?”

“மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் தெரியும்.”

அவர் போனதும் அக்கா கேட்டாள்: “வெட்டின குடல இப்ப எங்க வச்சிருப்பாங்க?”

“போத்தல்ல, மருந்துல ஊறப்போட்டு.”

“ஊறுகா மாதிரியா?”

“ஆமா.”

என் வீட்டில் தங்கியிருந்தவரை அவள் ஊறுகாய் தொடவில்லை.

எங்கள் அம்மா இறந்தது குடல் புற்றுநோயில். லேப் முடிவு வரும்வரை இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா எனக்குச் சிறிய கோப்பையில் வடிகட்டிய சூப் கொடுத்தாள். நான் குடித்தேன். ஒரு மத்தியானம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். தொட்டியில் கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை. நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கும் பயம்தான், அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

முடிவு வந்த அன்று இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

“கேன்சர் இல்லம்மா. அது கணையம்.”

“கணையம் எப்படி டாக்டர் குடலுக்குப் போச்சு?” என்றேன்.

“போகல. நீங்க உங்கம்மா வயித்துல வளரும்போதே கொஞ்சம் அங்க தங்கிடுச்சு. சில பேருக்கு அப்படி இருக்கும். பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

“இன்சுலின் சுரக்குறது கணையம்தானே டாக்டர்?”

“ஆமாம்மா.”

“இருந்த ஒண்ணு சரியா வேலை செய்யலன்னு இவ ஊசி போட்டுக்கிட்டு இருந்தா. இன்னொண்ணு சும்மா உள்ள உக்காந்திருந்துச்சா?”

“அது ரொம்பச் சின்னது. அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.”

“அலமாக்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. செத்துப்போன அம்மாவைத் திட்டுவதுபோல இருந்தது.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். மருத்துவமனை கேன்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டாள். இன்னொன்றும் வாங்கினாள். நான் எதிரே உட்கார்ந்து தண்ணீரை மெல்ல உறிஞ்சினேன்.

“இங்க பாக்காத” என்றாள், சாப்பிடுவதை நிறுத்தாமல்.

நான் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன்.