எர்த்துக்குப் புதைத்த தகடு

வண்டி விற்றவர் சார்ஜர் இலவசம் என்றார். பொய் சொல்லவில்லை. பெட்டிக்கு அவர் காசு வாங்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் கரண்ட் வர வைப்பதற்குத்தான் செலவு. அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இலவசம் என்று ஒருவர் சொல்லும்போது குறுக்கே கேள்வி கேட்பது மரியாதை இல்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டியவள். வீடு வடக்கனந்தல் பக்கம். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பெட்ரோல் ஆட்டோவை விற்றுவிட்டு, மீதிக்குக் கடன் போட்டு, பேட்டரி ஆட்டோ எடுத்ததற்குக் காரணம் மூன்று டீச்சர்கள். கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு வேலை. பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும், வராமலும் இருக்கும்.

"லீவு முடிஞ்சி பள்ளிக்கூடம் தொறந்ததும் டெய்லி நீயே ஏத்திக்கினு போய் எறக்கிடு. மாசம் பொறந்தா மொத்தமா குடுத்துடறோம்" என்றார் அவர்களில் பெரிய டீச்சர்.

மாசம் பிறந்தால் பணம். எனக்கு அப்படி ஒன்று வாழ்க்கையில் வந்ததில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. காலையில் வண்டி முழுச் சார்ஜில் நிற்க வேண்டும். பாதிச் சார்ஜில் ஏறினால் பாதி மலையில் நின்றுவிடும். "நின்னுச்சின்னா நாங்க ஜீப்பு பேசிக்குவோம்" என்றும் அதே டீச்சர்தான் சொன்னார். ஜீப்புக்காரர் அதற்குள்ளேயே என்னைப் பார்த்து பாசமாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

வீட்டில் சார்ஜரைச் செருகினேன். ஃபேன் நின்றது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டுக் கரண்ட், வீடு குடிசையாக இருந்தபோது ஒரு பல்புக்காக இழுத்தது. வீடு வளர்ந்தது. ஒயர் வளரவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டரைப் பார்த்து "ச்சு" என்றார். ஒயரைப் பார்த்து "ச்சு" என்றார். அவருடைய ஒவ்வொரு "ச்சு"வுக்கும் ஒரு விலை இருந்தது. கம்பத்திலிருந்து தடியான ஒயர் புதுசாக இழுக்க வேண்டும். கரண்ட் ஆபீசில் லோடு ஏற்றச் சொல்லி டெபாசிட் கட்ட வேண்டும். தனி சுவிட்ச், தனி பிளக்கு. டெபாசிட்டுக்குத் தோடு போயிற்று. ஒயருக்கு வீட்டுக்காரர் அனுப்பிய பணம் போயிற்று. காதும் வீடும் வெறிச்சென்று ஆனதில் ஒரு பொருத்தம் இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் விவசாயி. கரும்பு, மக்காச்சோளம், ஒரு கறவை மாடு. நல்ல மனசு.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ செலவு? எங்க மோட்டார் கொட்டாயில சொருவிக்க. கரண்ட்டு ஓசிதான்" என்றார்.

விவசாயத்துக்கு அரசாங்கம் சும்மா கொடுக்கிற கரண்ட். அதை எனக்குத் தானம் செய்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. பிடித்தால் அபராதம் என்றேன். அதில் மட்டும் பங்கு கேட்கமாட்டார் என்பதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஒயர் அவர் வீட்டுத் தோட்டத்துக்கு மேலேதான் வர வேண்டும். வேறு வழி இல்லை. அதையும் கேட்டேன்.

"இழுத்துக்கோ. வானத்துக்கா நான் பட்டா வாங்கி வெச்சிக்கினு இருக்கறேன்?" என்றார்.

அடுத்தது எர்த்து. எர்த்து சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பிலேயே நிற்கும் என்றார் எலக்ட்ரீஷியன். குழி வெட்டி, செப்புத் தகடு வைத்து, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி மூட வேண்டும். தகடு என்ன விலை என்றேன். சொன்னார். ஒரு மூட்டை மக்காச்சோளம் விற்றால் வாங்கலாம். என்னிடம் மக்காச்சோளம் இல்லை.

"வூட்ல பழைய செம்புப் பாத்திரம் எதுனா இருக்குதாக்கா?"

கல்யாணத்துக்கு வந்த தவலை ஒன்று பரணில் இருந்தது. அடி ஓட்டை. அதன் வயிற்றை வெட்டி, விரித்து, தட்டையாக அடித்துக்கொடுத்தார். அழகான தகடு.

அவருக்கு அன்றைக்குத்தான் வேறு வேலை இல்லை. ஏன் வேலை இல்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். அன்றைக்கு அமாவாசை. எங்கள் வீட்டில் தொங்குவது சர்ச்சில் கொடுத்த காலண்டர். அதில் புனிதர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அமாவாசை இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில், வேலி ஓரமாகக் குழி வெட்டி, தகடு இறக்கி, உப்பு கொட்டி, கரி கொட்டி மூடினோம். காயாமல் தினம் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சாயங்காலம் நான் ஜெபமாலை சொல்கிற நேரம் அது. இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டும் என்று, உதடு அசைய, மணி உருட்டிக்கொண்டே ஊற்றினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அண்ணனுடைய மாடு பால் குறைத்தது. பிறகு நிறுத்தியேவிட்டது. அண்ணன் சம்சாரம் வேலிப் பக்கம் வந்து நின்றார்.

"இன்னாத்தம்மா பொதைச்சிக்கீற அங்க?"

"தகடுக்கா" என்றேன்.

எர்த்து என்று சொல்லியிருக்கலாம். கரண்ட் வேலை என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. என் வாயில் அதுதான் வந்தது. போதாததற்கு, "செப்புத் தகடு. உப்பு, கரி எல்லாம் போட்டு" என்று விவரமாகவும் சொன்னேன். அந்த அக்கா நேராகப் போய் மாட்டைப் பிடித்து அந்தப் பக்கம் கட்டினார்.

மறுநாள் ஒயர் இழுக்க ஏணி வந்தது. அண்ணன் தோட்டத்து வாசலில் நின்றார்.

"ஒயரு இந்த வழியா வராது."

"அன்னிக்கு இழுத்துக்கோன்னீங்களேண்ணா."

"அன்னிக்கு எங்க மாடு கறந்துகினு இருந்துச்சி."

"வானத்துக்குப் பட்டா இல்லன்னீங்க."

"இப்ப கீது. எங்க வூட்டுக்கு நேரா தகடு வெச்சிட்டு, தெனம் தண்ணி ஊத்தி முணுமுணுன்னு மந்திரம் சொல்றவ வூட்டுக்கு என் தலைமேல ஒயரு போவாது."

"அது ஜெபமாலைண்ணா."

"பேரு எதுவா இருந்தா இன்னா? வாய் அசைஞ்சிச்சா இல்லியா?"

அசைந்தது உண்மை. ஏணி திரும்பிப் போயிற்று. வந்து போன கூலி மட்டும் என்னுடையது.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிளேட்டுன்னு சொல்லிருக்கலாம் இல்ல நீ?" என்றார். பெங்களூரில் இருந்தால் அறிவு ஜாஸ்தியாகும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அண்ணன் மனசு மாறாவிட்டால் ஒயர் இல்லை. ஒயர் இல்லாவிட்டால் டீச்சர்கள் ஜீப்பில் போவார்கள். நான் அந்த வண்டியை வைத்துக்கொண்டு கடன் மட்டும் கட்டிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்தேன். அண்ணனையும் அக்காவையும் கூப்பிட்டேன்.

"வாங்க. உங்க எதிர்லயே தோண்டறேன். சூனியமா இருந்தா நானே இந்த ஊரை வுட்டுப் போயிடறேன்."

கூப்பிட்டது இரண்டு பேரை. வந்தது தெரு. சினிமா மாதிரி டிக்கெட் கிழித்திருந்தால் டெபாசிட் பணம் திரும்பியிருக்கும். எலக்ட்ரீஷியனும் வந்து, "திரும்ப மூடறதுக்குத் தனிக் கூலிக்கா" என்று காதோடு சொன்னார். அக்கா கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். காவலுக்கு.

மண்ணை எடுத்தேன். கரியை எடுத்தேன். தகட்டைத் தூக்கி வெளியே வைத்தேன். கரி அப்பி கறுப்பாக இருந்தது.

"பாருங்க. வெறும் செம்பு. எழுத்து கிழுத்து ஒண்ணும் இல்ல" என்றேன்.

அண்ணன் துண்டால் அழுத்தித் துடைத்தார். எழுத்து தெரிந்தது.

தெரு இரண்டடி பின்னால் போனது.

பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. தவலையைப் பத்து வருஷமாகப் பரணில் போட்டிருந்ததில் அது எனக்கு மறந்தே போயிருந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் எது யார் கொடுத்தது என்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? அண்ணன் தகட்டை வெயிலுக்குத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் ஒரு பெயர். பிறகு, அன்பளிப்பு.

பெயர், அவருடைய அப்பாவின் பெயர்.

அக்காதான் கேட்டார்.

"அப்படின்னா நம்ம மாட்டுக்கு சூனியம் வெச்சது எங்க மாமனாரா?"

தெரு சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அடுத்த கோபம் கிடைத்துவிட்டது.

"எங்க அப்பா கடன் வாங்கி உனுக்கு வாங்கியாந்த தவலைம்மா இது. அத்த வெட்டி மண்ணுல பொதைச்சிக்கீறியே, உனுக்கு மனசு எப்பிடி வந்துச்சி?"

"அடி ஓட்டைண்ணா. ரெண்டு வாட்டி பத்தவெச்சேன். நிக்கல."

"ஓட்டைன்னா எங்கிட்ட குடுத்திருக்கலாம்."

சூனியக்காரி என்ற பட்டம் போய், நன்றி கெட்டவள் என்ற பட்டம் வந்தது. ஒரே காலையில் இரண்டு பட்டம் படித்த ஆள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.

"இந்தாங்க, எடுத்துக்கினு போங்க. எனக்கு ஒயரு மட்டும் வுடுங்க" என்றேன்.

எலக்ட்ரீஷியன் குறுக்கே வந்தார். "இத்த குடுத்துட்டா எர்த்து இல்லக்கா. எர்த்து இல்லன்னா வண்டிக்கு சார்ஜு ஏறாது."

அண்ணன் தகட்டைக் கீழே வைக்கவில்லை. "இது இல்லன்னா வண்டி ஓடாதா?" என்று கேட்டார்.

"ஓடாதுங்க."

"டீச்சருங்க மலைக்குப் போவணும்னா எங்க அப்பா தகடு வேணும்."

"ஆமாங்க" என்றார் எலக்ட்ரீஷியன். அவருக்கு மூடுகிற கூலி நினைப்பு.

அண்ணன் அவரே குழியில் இறங்கினார். தகட்டை நிறுத்தி வைத்தார். அக்காவிடம் எலுமிச்சம்பழத்தை வாங்கி மேலே வைத்தார். யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள். குங்குமமும் வந்தது. சும்மா எர்த்தாக இருந்தபோது சூனியம் என்றார்கள். இப்போது பார்த்தால் அசல் சூனியம் மாதிரியே இருந்தது. இனி யாருக்கும் சந்தேகம் இல்லை.

"ஏணிய எட்தாரச் சொல்லும்மா" என்றார் அண்ணன்.

அன்றைக்கே ஒயர் வந்தது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது உபதேசியார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கற்பூரம் ஏத்தினீங்களாமே?" என்றார். எர்த்து என்று சொல்லிவிட்டு நடந்தேன். வார்த்தை கைவசம் இருந்தது.

மாட்டை டாக்டர் வந்து பார்த்தார். சினை, அதனால்தான் பால் வற்றியது என்றார். என்னிடம் வந்து யாரும் வருத்தம் சொல்லவில்லை. மாடும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் டீக்கடையில், ஆட்டோ அவர் அப்பா போட்ட கரண்டில் ஓடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பில்லும் அவர் அப்பா பெயரில் வந்தால் நன்றாக இருக்கும்.

திங்கட்கிழமை காலை வண்டி முழுச் சார்ஜில் நின்றது. மூன்று டீச்சர்களும் ஏறினார்கள். ஜீப்புக்காரர் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அடிவாரம் தாண்டியதும் பெரிய டீச்சர் பேச்சுக் கொடுத்தார்.

"நானும் பேட்டரி ஸ்கூட்டர் ஒண்ணு எடுக்கலாம்னு பாக்கறேன். வீட்ல சார்ஜர் போட எவ்ளோம்மா ஆச்சு உனக்கு?"

"அது பக்கத்து வூட்டுக்காரங்களைப் பொறுத்துங்க டீச்சர்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்து மூன்று பேரும் சிரித்தார்கள். முதல் வளைவு வந்தது. சார்ஜ் ஒரு கோடு குறைந்தது. மீதியை வைத்து மேலே போய்விடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே திருப்பினேன்.